காலை எண்ணினால் புழு தெரியும்



உரக்குழியைக் கிளறும்போது வெள்ளைவெளேரென்று ஒரு புழு புரளுகிறது. முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி அடை அடையாக அப்பிக் கிடக்கிறது. தண்ணீர் டிரம்மில் என்னமோ நெளிகிறது. உடனே நாம் என்ன செய்கிறோம்? "புழு வந்துட்டு, ஒரு மருந்து குடுங்க அண்ணாச்சி" என்று கடைக்குப் போகிறோம். "என்ன புழு?" என்று அவர் கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. அவரும் கைக்கு எட்டிய டப்பாவை எடுத்துத் தருகிறார்.

இதில் மூன்று நஷ்டம் உண்டு. ஒன்று, காசு போகிறது. இரண்டு, பொருந்தாத மருந்தானால் புழு அப்படியே இருக்கிறது. மூன்றாவதுதான் பெரிய நஷ்டம். நமக்காகக் கூலி இல்லாமல் உழைக்கிற புழுக்களும் சேர்ந்து செத்துப் போகின்றன. ஆகவே, சாத்தான்குளம் வட்டாரத்தில் பனங்காட்டிலும் முருங்கைத் தோட்டத்திலும் வீட்டுப் புறவாசலிலும் நாம் அடிக்கடி பார்க்கிற புழுக்களை எப்படி இனம் கண்டுகொள்வது என்று இன்று பார்க்கலாம்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மண்புழு பிறந்ததிலிருந்து சாகிறவரை புழுவாகவே இருக்கும். நாம் புழு என்று சொல்கிற மற்றவை பெரும்பாலும் பூச்சிகளின் பிள்ளைப் பருவம். முட்டை, புழு, கூட்டுப்புழு, பிறகு இறக்கை முளைத்த பூச்சி என்று நான்கு பருவம். ஆகவே ஒரு புழுவைப் பார்த்தால் "இது யாருடைய பிள்ளை?" என்று கேட்கணும். வண்டின் பிள்ளையா, ஈயின் பிள்ளையா, அந்துப்பூச்சியின் பிள்ளையா? அது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எப்படிக் கண்டுபிடிப்பது? காலை எண்ணுங்கள். புழுவை ஒரு குச்சியால் எடுத்து வெள்ளைத் தட்டில் போடுங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம்.

நெஞ்சுப் பகுதியில் 3 ஜோடிக் கால், அதற்குப் பின்னால் வயிற்றுப் பக்கம் 2 முதல் 5 ஜோடி வரை சதைக்கால் இருந்தால், அது அந்துப்பூச்சி அல்லது பட்டாம்பூச்சியின் புழு. இலை தின்கிற புழுக்கள் பெரும்பாலும் இந்த வகைதான். சதைக்கால் குறைவாக உள்ள சில புழுக்கள் முதுகை வளைத்து வளைத்து நடக்கும். அதனால்தான் அவற்றைக் காவடிப்புழு என்கிறோம்.

நெஞ்சில் 3 ஜோடிக் கால் மட்டும் இருந்து, வயிற்றில் கால் இல்லையென்றால் அது வண்டின் புழு. பழுப்புத் தலை இருக்கிறது, ஆனால் காலே இல்லை என்றால் பெரும்பாலும் கூன்வண்டின் புழு. தலையும் தெரியவில்லை, காலும் இல்லை, ஒரு முனை கூராக இருக்கிறது என்றால் ஈயின் புழு. உடம்பு நீளத்துக்கும் கால் இருந்தால் அது புழுவே அல்ல. மரவட்டையாகவோ பூரானாகவோ இருக்கும்.

இந்தக் கணக்கு எதற்கு? ஒரு உதாரணம் சொல்கிறேன். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிர் மருந்து கடைகளில் கிடைக்கிறது. காய்கறித் தோட்டத்துக்கு என்று விற்கிற ரகம் அந்துப்பூச்சிப் புழுவைத்தான் கொல்லும். அதை வண்டுப் புழு மேல் எத்தனை தடவை தெளித்தாலும் பயன் இல்லை. கொசுப்புழுவுக்கு அதிலேயே வேறு ரகம் உண்டு. ஆளைத் தெரிந்துகொண்டுதான் மருந்தைத் தேடணும்.

இனி உரக்குழிக்கு வருவோம்.

நம் உரக்குழியில் மூன்று வகைப் புழு சாதாரணமாகத் தென்படும். முதலாவது காண்டாமிருக வண்டின் புழு. கொம்பு வண்டு என்று சொல்கிறோமே, அதன் பிள்ளை. கட்டைவிரல் தடிமனில், வெள்ளையாக, பழுப்புத் தலையோடு, அரிவாள் மாதிரி வளைந்து கிடக்கும். நன்றாக வளர்ந்தால் 3 அங்குலத்துக்கும் மேல் இருக்கும். நெஞ்சில் 3 ஜோடிக் கால் உண்டு.

இரண்டாவது, பூக்களில் வந்து உட்காருகிற ஒரு வகை வண்டின் புழு. பார்வைக்கு முதலாவதன் தம்பி மாதிரியே இருக்கும். மக்கிய குப்பையைத் தின்று உரமாக்குகிற புழு இது. தென்னைக்கோ பனைக்கோ கெடுதல் செய்யாது. இரண்டையும் பிரித்தறிய ஒரு எளிய சோதனை இருக்கிறது. புழுவைச் சமதளமான தரையில் விட்டுச் சற்றுப் பொறுத்திருங்கள். பூவண்டின் புழு மல்லாந்து படுத்து, கால் ஆறும் வானத்தைப் பார்க்க, முதுகாலேயே நகர்ந்து போகும். கொம்பு வண்டின் புழு அப்படிப் போகாது. ஒருக்களித்து வளைந்து கிடக்கும்.

மூன்றாவது, தட்டையாக, சாம்பல் பழுப்பு நிறத்தில், தோல் தடித்து, கூட்டம் கூட்டமாக ஈரக் குப்பையில் நெளிவது. இது கருப்புப் படைவீரர் ஈ என்ற ஈயின் புழு. அடுப்படிக் கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும். மீனுக்கும் கோழிக்கும் தீனியாக இதைத் தனியே வளர்க்கிறவர்களே உண்டு. இதற்கு மருந்து தேடவே வேண்டாம்.

ஆக, குழியில் நமக்கு விரோதி ஒன்றுதான். அது எவ்வளவு பெரிய விரோதி என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொம்பு வண்டின் புழு குழிக்குள் இருக்கிறவரை மரத்தைத் தொடாது. வண்டாகிப் பறந்த பிறகுதான் தென்னை, பனையின் குருத்தைக் குடைந்து தின்கிறது. மடங்கியிருக்கும் குருத்தைத் துளைப்பதால், ஓலை விரியும்போது விசிறியைக் கத்தரியால் வெட்டியது போலத் தெரியும். அதோடு விடுகிறதா? அந்தக் காயத்தின் வாடையைப் பிடித்துக்கொண்டு சிவப்புக் கூன்வண்டு வருகிறது. காயத்தில் முட்டை இடுகிறது. அதன் புழு தண்டுக்குள் இறங்கி உள்ளேயே தின்று மரத்தைச் சாய்த்துவிடும். தண்டில் ஓட்டை, அதிலிருந்து பழுப்புச் சாறு, மென்று தள்ளிய நார், காதை வைத்தால் கொறிக்கிற சத்தம், இவையெல்லாம் அதன் அடையாளம். உள்ளே இருக்கிற புழுவை எடுத்துப் பார்த்தால் கால் இருக்காது. குழிப் புழுவுக்குக் கால் உண்டு, தண்டுப் புழுவுக்குக் கால் இல்லை. இதை மறக்க வேண்டாம். குழியில் விட்ட புழுதான் பனையேறியின் பிழைப்பையும் தென்னந்தோப்பையும் கடைசியில் கெடுக்கிறது.

என்ன செய்யணும்? எருவைக் குழியில் வருஷக்கணக்கில் கிடக்க விடாதீர்கள். மழைக்கு முன் வெட்டி வயலில் பரப்புங்கள். வெட்டும்போது அகப்படுகிற கொம்பு வண்டுப் புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். பட்டுப்போன பனை, தென்னைத் தண்டுகளைத் தோட்டத்தில் மக்க விடக்கூடாது. அவையும் இந்த வண்டுக்குப் பிரசவ அறைதான். மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூசணத்தைத் தண்ணீரில் கரைத்துக் குழியில் தெளித்தால், அது புழுவின் மேல் வளர்ந்து கொன்றுவிடும். 1 கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, பானைகளில் ஊற்றித் தோப்பில் வைத்தால் வண்டுகள் வந்து விழும். குருத்தைச் சுற்றியுள்ள மூன்று ஓலைகளின் மட்டை இடுக்கில், வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் போடுங்கள். முன்பு சிலர் மட்டை இடுக்கில் போரேட் குருணை மருந்து போடுவார்கள். அது 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டுவிட்டது. மிச்சம் மீதி இருந்தாலும் தொடாதீர்கள்.

தாமிரபரணிக் கரையில் வாழை வைத்திருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாழைத் தண்டில் ஓட்டை விழுந்து கோந்து மாதிரி வடிந்தால், உள்ளே இருப்பதும் காலில்லாத கூன்வண்டுப் புழுதான். வெட்டிப் போட்ட வாழைத் தண்டை நீளவாக்கில் பிளந்து அங்கங்கே கவிழ்த்து வையுங்கள். வண்டுகள் அதன் அடியில் வந்து ஒதுங்கும். காலையில் புரட்டிப் பொறுக்கி அழித்துவிடலாம்.

அடுத்தது முருங்கை. மழை விழுந்ததும் அந்துப்பூச்சி வந்து இலையின் அடியில் குவியலாக முட்டை இடும். பொரிந்து வருகிற கம்பளிப்பூச்சிகள் பகலில் அடிமரத்தில் அடையாக ஒட்டிக்கொண்டிருக்கும். இலையையும் பட்டையையும் தின்று மரத்தை மொட்டையாக்கும். பகலில் அவை ஒரே இடத்தில் கூடுவதுதான் நமக்கு வசதி. தீப்பந்தத்தைச் சட்டென்று காட்டி எடுத்தால் கூட்டமாக விழுந்துவிடும். பட்டை கருகும்படி வைத்திருக்காதீர்கள். காய்ந்த சருகைப் பெருக்கிவிட்டுச் செய்யுங்கள். கூரைவீட்டுப் பக்கம் தீ வேண்டாம். அங்கே மீன் எண்ணெய் சோப்பு, லிட்டருக்கு 25 கிராம் கரைத்துத் தெளித்தால் போதும்.

பிள்ளைகள் மேல் சுணை பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் ரோமம் இன்னும் உள்ளே இறங்கும். ஒட்டும் நாடாவை அந்த இடத்தில் ஒட்டி எடுங்கள், ரோமம் அதோடு வந்துவிடும். பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி உடனே டாக்டரிடம் கொண்டு போங்கள்.

முருங்கைக்காய் நுனியிலிருந்து வெடித்து, பிசின் வடிந்து காய்ந்தால் அது வேறு ஆள். உள்ளே தலையும் காலும் தெரியாத ஈப்புழு இருக்கும். கெட்ட காயை மரத்தடியில் போடாமல் சேகரித்து அழியுங்கள். இல்லாவிட்டால் புழு மண்ணில் இறங்கிக் கூடு கட்டி, மறுபடி ஈயாக வந்துவிடும்.

இனி தாய்மார்கள் கவனிக்க வேண்டிய வீட்டுத் தோட்டம். கறிவேப்பிலை, எலுமிச்சைக் கன்றில் பறவை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். தொட்டால் அசையும். பெரிதானதும் பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பை நீட்டி ஒரு வாடை விடும். பயப்பட ஒன்றுமில்லை, பட்டாம்பூச்சியின் புழுதான். கையுறை போட்டோ குச்சியாலோ எடுத்துவிட்டால் கன்று பிழைத்துக்கொள்ளும்.

அவரைக் கொடியில் அசுவினி மொய்க்கிற இடத்தில் சிறு முதலை மாதிரி, கருப்பாக, மஞ்சள் புள்ளியோடு ஒரு புழு வேகமாக ஓடும். அது பொறிவண்டின் பிள்ளை. அசுவினியைத் தின்பதே அதன் வேலை. அதன் மேல் மருந்து அடித்தால் நம் காவல்காரனை நாமே கொன்றது போல ஆகும்.

மாவுப்பூச்சி உள்ள செடியில் இன்னும் உஷாராக இருக்கணும். கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டை 1898-லேயே ஆஸ்திரேலியாவிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதன் புழுவும் வெள்ளை மாவு பூசி, பெரிய மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். குச்சியால் தொட்டுப் பாருங்கள். மாவுப்பூச்சி மெத்தனமாகக் கிடக்கும். இது விறுவிறுவென்று நகரும், மேலே உள்ள மெழுகு இழையும் நீளம். இதை விட்டுவையுங்கள்.

இலைப்புழு ஒன்றின் மேலோ பக்கத்திலோ அரிசிமணி போல வெள்ளைக் கூடுகள் ஒட்டியிருந்தால் அதையும் தொடாதீர்கள். ஒரு சிறு குளவி அந்தப் புழுவுக்குள் முட்டையிட்டு வளர்ந்து வெளியே வந்து கட்டிய கூடு அது. அந்தப் புழு இனி பிழைக்காது. கூட்டிலிருந்து வரும் குளவிகள் மற்றப் புழுக்களைத் தேடிப் போகும்.

கடைசியாகத் தண்ணீர். நம் பக்கத்தில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு. டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்து வைக்காமல் முடியாது. அங்கேதான் உயிருக்கே ஆபத்தான புழு இருக்கிறது. 2012-இல் திருநெல்வேலி மாவட்டத்தில் டெங்கு கடுமையாகப் பரவியதை மறந்திருக்க மாட்டீர்கள். டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசுவின் புழு நல்ல தண்ணீரில்தான் வளரும். வாலை மேலே வைத்துத் தலைகீழாகத் தொங்கும், நிழல் பட்டால் துள்ளிக் கீழே போகும். மலேரியாக் கொசுவின் புழு நீர்மட்டத்தோடு படுத்தாற்போல் மிதக்கும். எதுவானாலும் நம் வெயிலுக்கு 7 முதல் 10 நாளில் கொசுவாகிவிடும். ஆகவே வாரம் ஒரு நாள் டிரம்மைக் கவிழ்த்து, உட்புறச் சுவரை நார் போட்டுத் தேயுங்கள். வெறுமனே கொட்டினால் போதாது. ஏடிஸ் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும். தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாது. தேய்த்த பிறகு துணியால் இறுக்கி மூடுங்கள். சிரட்டையிலும் பழைய டயரிலும் தண்ணீர் நிற்க விடாதீர்கள். தொட்டியின் அடிச் சேற்றில் சிவப்பு நூல் போல நெளிவது மட்டும் கடிக்காத ஒரு சிறு பூச்சியின் புழு. சேற்றை அள்ளிக் கழுவினால் போய்விடும்.

இவ்வளவு பார்த்தும் தெரியாத புழு வந்தால்? ஒரு அகன்ற வாய்ப் பாட்டிலில் இரண்டு அங்குலம் ஈரமண் போட்டு, புழுவையும் அது தின்ற இலையையும் வைத்து, வாயைத் துணியால் கட்டி நிழலில் வையுங்கள். தினமும் புது இலை கொடுங்கள். சில வாரங்களில் அந்துப்பூச்சி வருகிறதா, வண்டு வருகிறதா, குளவி வருகிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம். பயிர் சேதம் அதிகமாக இருந்தால் காத்திருக்க வேண்டாம். பாட்டிலோடு வேளாண்மை விரிவாக்க மையத்துக்கோ கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரிக்கோ கொண்டு போங்கள். 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணில் தமிழிலேயே கேட்கலாம், காசு இல்லை. "புழு வந்துட்டு" என்று மட்டும் சொல்லாமல், எந்த இடத்தில் இருந்தது, எதைத் தின்றது, எத்தனை கால் என்று சேர்த்துச் சொல்லுங்கள். சரியான யோசனை உங்களுக்குக் கிடைக்கும்.