கல்லூரிக்கு வந்த பணம் வேலை செஞ்சுதா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இந்த எபிசோட்ல ஒரே ஒரு கேள்விதான். கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் நவீனப்படுத்த அரசு பணம் கொடுக்குது. அந்தப் பணம் வேலை செஞ்சுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? கவனிங்க, "செலவாச்சா" என்பது வேற கேள்வி. "வேலை செஞ்சுதா" என்பது வேற கேள்வி. நாம பெரும்பாலும் முதல் கேள்விக்கான பதிலை வாங்கிட்டு, ரெண்டாவது கேள்விக்கும் பதில் கிடைச்சதா நினைச்சுக்கிறோம்.

இதைத் தென்காசியை வெச்சுப் பேசப்போறேன். குற்றாலத்துல 1964-ல் தொடங்கின ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி, சுரண்டையில இருக்கிற காமராஜர் அரசு கலைக் கல்லூரி மாதிரி இடங்கள்லதான் பல வீடுகளோட முதல் பட்டதாரி உருவாகிறாங்க. சென்னையில ஒரு கல்லூரி சரியில்லைன்னா அடுத்த பஸ் ஸ்டாப்ல இன்னொன்னு இருக்கும். இங்க அப்படி இல்லை. அதனால இங்க ஒரு திட்டம் வீணாப்போனா, இழப்பு நேரா ஒரு பொண்ணோட மூணு வருஷத்துல போய் விழும்.

முதல்ல திட்டம் என்னன்னு பார்ப்போம். 2013-ல் மத்திய அரசு 'ரூசா' திட்டத்தைக் கொண்டுவந்தது. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்குமான திட்டம் இது. பெரும்பாலான மாநிலங்களுக்கு மத்திய அரசு 60 சதவீதம், மாநில அரசு 40 சதவீதம் போடணும். உள்கட்டமைப்புக்கு ஒரு பல்கலைக்கழகத்துக்கு 20 கோடி, ஒரு கல்லூரிக்கு 2 கோடி என்பது ஆரம்ப அளவு. அதுலயும் புதுக் கட்டடத்துக்கு 35, பழசைப் புதுப்பிக்க 35, கருவிகள் வாங்க 30 சதவீதம்னு பங்கு பிரிச்சிருந்தாங்க. 2023-ல் இது 'பிஎம்-உஷா'ன்னு பெயர் மாறி, மூணு வருஷத்துக்கு ஏறக்குறைய 12,926 கோடி ரூபாய் ஒதுக்கீட்டோட வந்தது.

இந்தப் பணத்தைக் கண்காணிக்க ஏற்பாடு இருந்துச்சா? இருந்துச்சு. செலவு பண்ணின கல்லூரி பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்கணும். கட்டடத்தைப் போட்டோ எடுத்து, இடக்குறியோட இஸ்ரோவின் புவன் தளத்துல ஏத்தணும். நல்ல ஏற்பாடுதான். கட்டாத கட்டடத்துக்குக் கணக்கு எழுதுறது கஷ்டமாயிடும். ஆனா கட்டடம் இருக்குன்னு காட்டுற போட்டோ, உள்ளே வகுப்பு நடக்குதான்னு காட்டாது.

அதனால மதிப்பீட்டை மூணு படியாப் பிரிச்சுக்கலாம். ஒண்ணு, போட்டது: பணம், ஆள். ரெண்டு, கிடைச்சது: ஆய்வகம், கம்ப்யூட்டர், ஸ்மார்ட் போர்டு. மூணு, மாறினது: முன்னாடி செய்ய முடியாத எதை இப்போ மாணவர் செய்யிறாங்க? முதல் ரெண்டையும் எண்ணிடலாம். மூணாவதுக்கு மெனக்கெடணும். அதனாலேயே அறிக்கைகள் ரெண்டாவது படியோட நின்னுடுது.

மூணாவது படியில ரெண்டு சிக்கல் இருக்கு. ரெண்டையும் குற்றாலம் தெரிஞ்சவங்க சட்டுனு புரிஞ்சுப்பாங்க.

முதல் சிக்கல், காரணம் எது? மே மாசம் ஐந்தருவியில புதுக் கைப்பிடிக் கம்பி போடுறாங்க. ஜூலையில கூட்டம் அலைமோதுது. கம்பியாலதான் கூட்டம் வந்ததுன்னு சொல்வீங்களா? சீசன் வந்தது, கூட்டம் வந்தது. அதே மாதிரி ஒரு திட்டம் வந்தப்புறம் மாணவர் எண்ணிக்கை கூடினா, திட்டம்தான் காரணம்னு உடனே சொல்ல முடியாது. திட்டம் இல்லாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு கேக்கணும்.

தமிழ்நாட்டுலயே இதுக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கு. 2022 செப்டம்பர்ல புதுமைப் பெண் திட்டம் தொடங்கினாங்க. அரசுப் பள்ளியில ஆறாவதுல இருந்து பன்னிரண்டாவது வரை படிச்ச பெண்களுக்குக் கல்லூரியில மாசம் 1,000 ரூபாய். ஆனா சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்கு இலவசப் பயணம் 2021-லேயே வந்திடுச்சு. கல்லூரிக்கு வர்ற பெண்கள் கூடினா, காரணம் பஸ்ஸா, ஆயிரம் ரூபாயா? அரசு உதவிபெறும் பள்ளியில தமிழ் வழியில படிச்ச பெண்களுக்கு அந்த ஆயிரம் 2024 டிசம்பர் கடைசியிலதான் கிடைக்க ஆரம்பிச்சது. ஆக, நடுவுல ரெண்டு வருஷம் ஒரே ஊர், ஒரே இலவச பஸ், ஒரு பொண்ணுக்கு ஆயிரம் உண்டு, இன்னொரு பொண்ணுக்கு இல்லை. இந்த ரெண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டா, ஆயிரம் ரூபாயோட வேலை ஓரளவு தனியாத் தெரியும்.

ரூசாவுல இப்படி ஒப்பிடறது கஷ்டம். நிதி கொடுக்க நாக் மதிப்பெண்ணையும் பார்த்தாங்க. ஏற்கெனவே நல்லா இருந்த கல்லூரிக்குப் பணம் போயிருந்தா, அது பிறகும் நல்லா இருக்கிறதுல ஆச்சரியம் இல்லையே. இன்னொரு தடையும் உண்டு. 2019 நவம்பர் வரை தென்காசி தனி மாவட்டமே இல்லை. பழைய மாவட்டக் கணக்கு திருநெல்வேலிக்குள்ள கலந்து கிடக்கு. அதனால "முன்பு, பின்பு" பார்க்கணும்னா கல்லூரி வாரியாத்தான் போகணும்.

ரெண்டாவது சிக்கல், எப்போ போய்ப் பார்க்கிறது? சாரல் நேரத்துல குற்றாலத்தைப் பார்த்துட்டு, வருஷம் முழுக்க அருவி இப்படித்தான் கொட்டும்னு யாரும் எழுத மாட்டோம். திட்டமும் அப்படித்தான். பணம் ஓடுற காலத்துல எல்லாமே நடக்கும். பணம் நின்ன பிறகு போய்ப் பார்க்கணும்.

உலக வங்கி உதவியோட நடந்த 'டெக்விப்' திட்டத்தைப் பாருங்க. அதோட மூணாவது கட்டத்துல 1,200-க்கும் மேற்பட்ட உதவிப் பேராசிரியர்களை ஒப்பந்தத்துல எடுத்து, பின்தங்கிய மாநிலங்களோட பொறியியல் கல்லூரிகளுக்கு அனுப்பினாங்க. வகுப்பறைகளுக்கு ஆசிரியர் கிடைச்சாங்க. 2021-ல் திட்டம் முடிஞ்சது, ஒப்பந்தமும் முடிஞ்சது. வேலையைத் தொடரச் சொல்லி அவங்க போராட வேண்டியதாச்சு. 2020-ல் மதிப்பிட்டிருந்தா ஒரு பதில், 2022-ல் மதிப்பிட்டிருந்தா இன்னொரு பதில்.

நிலைச்சு நின்ன மாற்றம் எப்படி இருக்கும்? மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-ல் வந்தது. அதுக்கு முன்னாடி இந்தப் பக்கக் கல்லூரிகள் மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. தென்காசியிலிருந்து மதுரை ஏறக்குறைய 150 கிலோமீட்டர். புதுப் பல்கலைக்கழகம் திருநெல்வேலியிலிருந்து தென்காசி வர்ற வழியில, அபிஷேகப்பட்டியில இருக்கு. சான்றிதழ் வேலையா போற மாணவருக்கு ஒரு நாள் அலைச்சல் அரை நாளாச்சு. முப்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் பயன் குறையலை. ஏன்னா அது ஒரு தடவை வாங்கிப்போட்ட பொருள் இல்லை. நிரந்தர அலுவலகம், நிரந்தரப் பணியிடம், வருஷா வருஷம் நிதி.

எனக்குத் தெரிஞ்ச அளவுகோல் இதுதான்: பணம் நின்ன மூணாவது வருஷம், அந்த ஆய்வகத்தைத் திறந்து மூட, பழுது பார்க்க, பாடம் நடத்த சம்பளத்தோட ஆள் இருக்காங்களா? ஆள் இல்லைன்னா எத்தனை கம்ப்யூட்டர் வாங்கினாங்கங்கிற கணக்குக்கு அர்த்தமில்லை.

இதை நீங்களே பார்க்கலாம். நாக் அமைப்புக்குத் தர்ற ஆண்டு அறிக்கையையும், என்ஐஆர்எஃப் தரவரிசைக்குத் தர்ற தரவையும் கல்லூரிகள் தங்கள் இணையதளத்துல போடணும். அங்க நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், சேர்ந்தவங்கள்ல எத்தனை பேர் படிச்சு முடிச்சாங்கன்னு அஞ்சு வருஷத்துக்கு வரிசையா எழுதிப் பாருங்க. கிடைக்கலைன்னா, அரசு மற்றும் அரசு உதவிபெறும் கல்லூரிகள்ல தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கட்டணத்தோட மனு போடுங்க. 30 நாள்ல பதில் தரணும். மனுவுல "எவ்வளவு செலவாச்சு"ன்னு மட்டும் கேக்காதீங்க. "போன செமஸ்டர்ல அந்த ஆய்வகத்துல எத்தனை வகுப்பு நடந்தது, பொறுப்பாளர் பணியிடம் நிரம்பியிருக்கா?"ன்னும் சேர்த்துக் கேளுங்க.