பெயர் எங்கே போயிற்று?

'சிறு துளி பெருவெள்ளம்' என்பது பழமொழி. இவ்வாண்டு முதியோர் இல்லத்திற்காக நிதி திரட்டியபோது இதன் உண்மையைக் கண்கூடாகக் கண்டோம். கணக்கெழுதும் பொறுப்பு பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களிடம் விடப்பட்டது. மதிய இடைவேளையில் கணினி அறையில் இரண்டு கணினிகளின் முன் அமர்ந்து, பணம் தந்தவர்களின் பெயர், வகுப்பு, தொகை ஆகியவற்றைப் பதிந்தோம். இரண்டும் ஒரே பொதுக் கோப்பின் கடைசியில் வரி வரியாகச் சேர்க்கும்படி ஒரு சிறு நிரலையும் நாங்களே எழுதியிருந்தோம். அதில் எங்களுக்குப் பெருமை வேறு!

மறுநாள் காலைக் கூட்டத்தில் பட்டியல் வாசிக்கப்பட்டது. ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தியின் பெயர் வரவேயில்லை. மண் உண்டியலை உடைத்து 43 ரூபாய் கொண்டுவந்தவள் அவள். "நான் கொடுத்தேனே அக்கா!" என்று கண் கலங்கி நின்றாள். பணப்பெட்டியை எண்ணிப் பார்த்தோம். பட்டியலில் உள்ளதைவிடச் சரியாக 43 ரூபாய் அதிகமாக இருந்தது. கோப்பைத் திறந்து பார்த்தால், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் வரிக்குக் கீழே, பெயரில்லாமல் '43 ரூபாய்' என்ற துண்டு மட்டும் நின்றது! பெயர் எங்கே போயிற்று? எங்கள் கணினி ஆசிரியையின் துணையோடு நாங்கள் அறிந்துகொண்டதை இங்கே விளக்குகிறோம்.

எங்கள் கணினி அறையில் கோப்புகள் யாவும் ஒரே கணினியில்தான் இருக்கின்றன. அதற்குக் கோப்புச் சேவையகம் என்று பெயர். மற்றக் கணினிகள் கம்பி வழியாக அதனிடம் கேட்டு வாங்குகின்றன. இதற்கென ஏற்பட்ட விதிமுறைகளில் புகழ் பெற்றது என்.எஃப்.எஸ். என்பதாகும். அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-இல் இதனை உருவாக்கியது. எங்கள் அறையிலும் இதுவே உள்ளது.

ஒவ்வொரு கோப்பையும் ஒரு நோட்டுப் புத்தகமாக எண்ணிக்கொள்வோம். அதன் மேலட்டையில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. உரியவர் யார், யார் யார் படிக்கலாம், யார் எழுதலாம், கடைசியாக எழுதிய நேரம் எது, மொத்த அளவு எவ்வளவு என்பன அதில் உள்ளன. இவற்றையே கோப்பின் பண்புகள் என்பர்.

இப்பண்புகளுள் அளவு மட்டும் தனிப்பிறவி. 'யார் எழுதலாம்' என்பதை மாற்றினால் உள்ளே ஒரு பக்கமும் கெடாது. ஆனால் '80 பக்கம்' என்பதை '30 பக்கம்' என்று மாற்றிவிட்டால், சேவையகம் கடைசி 50 பக்கங்களையும் கிழித்தெறிந்துவிடும். '100 பக்கம்' என்று கூட்டினாலோ, சேர்ந்த பக்கங்கள் வெறும் சுழியங்களாக இருக்கும். எனவே அளவை மாற்றுவது சீட்டைத் திருத்துவதன்று, நோட்டையே திருத்துவதாகும். அதனால்தான் அனுமதிகளை மாற்றும் உரிமை கோப்புக்கு உரியவருக்கு இருக்க, அளவை மாற்றும் உரிமையோ எழுத அனுமதி பெற்ற எல்லோருக்கும் உண்டு.

இனி எங்கள் கதைக்கு வருவோம். என்.எஃப்.எஸ். முறையில் 'கடைசியில் சேர்' என்றொரு கட்டளையே கிடையாது! 'இத்தனையாவது பைட்டிலிருந்து எழுது' என்றுதான் கேட்க முடியும். ஆகவே கடைசி எது என்பதை ஒவ்வொரு கணினியும் அளவைக் கொண்டே அறிகிறது. எடுத்துக்காட்டாக, கோப்பின் அளவு 1200 பைட் என்று கொள்வோம். இரண்டு கணினிகளும் ஒரே நேரத்தில் '1200' என்று அறிகின்றன. முதற்கணினி 1200-இலிருந்து 90 பைட் எழுதுகிறது. அளவு 1290 ஆகிவிட்டது. அதை அறியாத இரண்டாவது கணினியும் 1200-இலிருந்தே 60 பைட் எழுதுகிறது. முதலில் எழுதியதன் தலைப்பகுதி அழிந்து, கடைசி 30 பைட் மட்டும் வால்போல் எஞ்சுகிறது. எங்கள் கோப்பில் கண்ட '43 ரூபாய்' அந்த வால்தான்!

சேவையகம் ஏன் எச்சரிக்கவில்லை என்று கேட்கத் தோன்றும். என்.எஃப்.எஸ்.ஸின் இரண்டாம், மூன்றாம் பதிப்புகளில் எந்தக் கோப்பை யார் திறந்திருக்கிறார் என்பதைச் சேவையகம் நினைவில் வைப்பதில்லை. அது நின்று மீண்டும் இயங்கினாலும் வேலை கெடாமல் தொடரவேண்டும் என்பதற்காகவே அப்படி அமைத்தார்கள். அதோடு, கேட்டுக் கேட்டுச் சேவையகத்தைத் தொல்லைப்படுத்தாமலிருக்க, ஒவ்வொரு கணினியும் தான் அறிந்த பண்புகளைச் சிறிது நேரம் தன்னிடமே வைத்துக்கொள்ளும். லினக்ஸில் கோப்புகளுக்கு இது வழக்கமாக 3 வினாடி முதல் 60 வினாடி வரை. அந்நேரத்தில் அது நம்புவது பழைய அளவாகவும் இருக்கலாம்.

1995-இல் வெளியான மூன்றாம் பதிப்பில், பண்புகளை மாற்றும்போது மட்டும் பயன்படும் அழகான காவல் ஒன்றைச் சேர்த்தார்கள். 'இக்கோப்பு கடைசியாக மாறிய நேரம் நான் பார்த்தபோது இருந்ததே என்றால் மட்டும் மாற்று. இல்லையேல் விட்டுவிடு' என்று கேட்கலாம். இடையில் வேறொருவர் கைவைத்திருந்தால் சேவையகம் மறுத்துவிடும். அந்த நேரத்தைச் சேவையகமே குறிப்பதால், பயன்படுத்துவோர் தம் விருப்பப்படி அதை மாற்றி எழுத இயலாது. ஆனால் வெறுமனே எழுதும் கட்டளைக்கு இக்காவல் இல்லை. அங்கே பூட்டுத்தான் வேண்டும். எழுதுமுன் கோப்பைப் பூட்டி, புதிய அளவைக் கேட்டறிந்து, எழுதியபின் திறந்துவிட வேண்டும். முன்பு தனித் துணை நிரலாக இருந்த இப்பூட்டு, 2000-இல் முதன்முதலாக வெளியான நான்காம் பதிப்பில் விதிமுறையின் உள்ளேயே இடம்பெற்றது.

எங்கள் நிரலில் பூட்டு இல்லை. பிழை சேவையகத்தினுடையதன்று; எங்களுடையதே. இப்போது ஒவ்வொரு கணினிக்கும் தனிக்கோப்பு வைத்து, மாலையில் இரண்டையும் இணைத்து, பெட்டியிலுள்ள பணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம்.

அடுத்த நாள் கூட்டத்தில் நாங்களே மேடையேறி மன்னிப்புக் கேட்டு, அத்தங்கையின் பெயரை முதலாவதாக வாசித்தோம். அவள் சிரித்த சிரிப்பை மறக்க இயலாது. பலருக்கும் பொதுவான ஒன்றில் கைவைக்குமுன், நாம் அறிந்தது நேற்றைய நிலையா, இப்போதைய நிலையா என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போம். கேட்காமல் எழுதும் ஒரு வரியின் அடியில் இன்னொருவர் பெயர் மறைந்துபோகலாம் அன்றோ!

பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு