மலாக்கா வீட்டில் ஒரு வானொலி நிலையம்

ஜாசின், அலோர் காஜா வட்டாரத்துத் தோட்டங்களில் லயத்து வாசலில் வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து, கோலாலம்பூரிலிருந்து வந்த தமிழ்ச் செய்தியையும் பாட்டையும் கேட்டு வளர்ந்தது நம் சமூகம். ஆயினும் அதே ஆகாசத்தின் வழியே நாமும் திரும்பப் பேசலாம், அதற்குச் சட்டமே இடம் தருகிறது என்பதை அறிந்தவர் நம்மில் மிகச் சிலரே என்பது என் நெடுநாளைய மனக்குறை.

ஊதியமோ வியாபாரமோ கருதாமல், வானலைகளின் இயல்பைக் கற்கும் ஆவல் ஒன்றினாலேயே தம் வீட்டில் நிலையம் அமைத்துப் பிற தேசத்தாரோடு சம்பாஷிப்பவர்களின் கலைக்கு அமெச்சூர் வானொலி என்றும், ஹாம் ரேடியோ என்றும் பெயர். மலாயாவில் இவர்களுக்கான மார்ட்ஸ் என்னும் சங்கம் 1952-இல் தோன்றியது. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் பரீட்சையில் தேறுகிறவருக்கு 9எம்2 அல்லது 9டபிள்யூ2 என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கிறது. உலகத்தில் வேறெவருக்கும் இல்லாத அக்குறியே வானலையில் அவருடைய நாமதேயம்.

நிலையம் என்றதும் கோபுரத்தையும் பெருஞ்செலவையும் எண்ணி அஞ்ச வேண்டா. மேசைமேல் அனுப்பவும் பெறவும் வல்ல 100 வாட் சக்தியுள்ள டிரான்சீவர், வீட்டு மின்சாரத்தை 13.8 வோல்ட்டாக்கித் தரும் பவர் சப்ளை, மின்சாரம் நின்றால் கைகொடுக்க ஒரு கார் பேட்டரி, ஒரு மைக், விரும்பினால் மோர்ஸ் சாவி ஆகியவை போதும். விலையுயர்ந்த பெட்டியை வாங்கிவிட்டு ஏரியலில் சிக்கனம் பிடிப்பவர் ஏமாற்றமே அடைவர் என்பது என் உறுதியான அபிப்பிராயம். எடுத்துக்காட்டாக, அமெச்சூர்கள் பயன்படுத்தும் 7 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 42 மீட்டர். அதில் பாதியினும் சற்றுக் குறைவாக 20 மீட்டர் செப்புக் கம்பியை எடுத்து, நடுவே வெட்டி, கோஆக்சியல் கேபிளின் உள்கம்பியை ஒரு பாதியிலும் வெளிவலையை மறுபாதியிலும் பற்றவைத்து, இரு முனைகளையும் நைலான் கயிற்றால் உயரத்தில் இழுத்துக் கட்டினால் டைபோல் ஏரியல் தயார். நம் தாமான்களில் மிகுதியாகக் காணும் 20-க்கு 70 அடி மனையில், முன்வாசலிலிருந்து பின்சுவர் வரை இக்கம்பி ஏறத்தாழ அளவெடுத்ததுபோல் அடங்கிவிடும். அண்டை வீட்டார் அதைத் துணி உலர்த்தும் கொடி என்றே நினைப்பர்.

பகலில் வளிமண்டலத்தின் தாழ்ந்த அயனிப் படலம் இந்த 7 மெகாஹெர்ட்ஸ் அலையை உறிஞ்சிவிடுவதால் குரல் சில நூறு கிலோமீட்டரோடு நிற்கும். இரவில் அப்படலம் கலைந்ததும், அதே குரல் மேற்படலத்தில் பட்டுத் திரும்பித் தமிழகம்வரை செல்லும். மின்னல் மிகுந்த நம் நாட்டில் கவனிக்கவேண்டியது இன்னொன்று: மலாக்கா நீரிணைமேல் விடியற்காலையில் எழும் சுமத்ரா காற்று கரையை எட்டுவதற்கு முன்பே, அதன் மின்னல்கள் ஒலிபெருக்கியில் படபடவென்று பொரியக் கேட்கலாம். அவ்வொலி கேட்ட மாத்திரத்தில் கேபிளைக் கழற்றிவிட வேண்டும்.

இக்கலையின் பயன் இன்னதென்று 2004 டிசம்பரில் உலகம் கண்டது. ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தம் குழுவினரோடு போர்ட் பிளேர் சென்று, வானலையில் அபூர்வமாகவே கேட்கும் அந்தமானிலிருந்து உலகத்து நண்பர்களோடு உரையாடிக்கொண்டிருந்தார். 26-ஆம் தேதி பூமி அதிர்ந்து, நம் பினாங்கையும் கெடாவையும் தாக்கிய அதே ஆழிப்பேரலை அத்தீவுகளைச் சூறையாடித் தொலைபேசி செயலற்றபோது, உல்லாசத்துக்காகக் கொண்டுசென்ற அக்கருவிகளே உயிர் தப்பியோரின் சேதியைத் தவித்திருந்த உறவினருக்கு எட்டச் செய்தன. அந்தமானில் தமிழ்க் குடும்பங்களும் மிகுதி என்பதை நினைக்கையில் அப்பணியின் அருமை எனக்கு இருமடங்காகத் தோன்றுகிறது.

கற்க விரும்பும் இளைஞர் எடுத்த எடுப்பில் டிரான்சீவர் வாங்க வேண்டுவதில்லை. அமெச்சூர்களின் பேச்சைக் கேட்க உதவும் எஸ்.எஸ்.பி. வசதியுள்ள சிறிய சிற்றலை வானொலி ஒன்றை வாங்கி, சன்னல் வழியே நீண்ட கம்பி ஒன்றை வெளியே விட்டு, இரவில் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பொறுமையாகத் திருப்பினால், இந்தியாவின் வி.யூ. குறிகளும் இலங்கையின் 4எஸ் குறிகளும் சில வேளை காதில் விழும். கேட்டுப் பழகுவதோடு பரீட்சைக்குப் படிக்கட்டும்; உரிமம் கைக்கு வருமுன் ஒலிபரப்புவது 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டப்படி குற்றமாகும்.