மலைநாட்டு இல்லங்களில் வீடியோ விளையாட்டுப் பெட்டி

தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருப்பவர் பார்ப்பவராக மட்டுமன்றி விளையாடுபவராகவும் இருக்கலாகாதா என்ற எண்ணம் 1966-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளர் ரால்ஃப் பேயருக்கு உதித்தது. அவர் அமைத்த மாதிரியைத் தழுவி 1972-ல் விற்பனைக்கு வந்த ‘மேக்னவாக்ஸ் ஒடிஸி’யே வீட்டுக்கென விற்கப்பட்ட முதல் வீடியோ விளையாட்டுப் பெட்டியாகும். நம் நாட்டில் 1995-ல் ஷா வாலஸ் கம்பெனியின் வாயிலாக வந்த ஸேகா பெட்டியின் விலை 18,000 ரூபாய். 2021 பிப்ரவரி 2-ஆம் நாள் இந்தியாவில் வெளியான பிளேஸ்டேஷன் 5-ன் அறிமுக விலை 49,990 ரூபாய். தேயிலைத் தோட்டத்தில் உழைக்கும் குடும்பத்துக்கு இது சில மாத ஊதியம். ஆகவே வாங்கிய பெட்டி முதல் மழையிலேயே பழுதாகாமல் காப்பது எவ்வாறு என்பதை முன்னரே அறிந்திருத்தல் அவசியம்.

பாலக்காட்டு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரங்களிலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களிலும் தமிழ்க் குடும்பங்கள் பல உள்ளன. இவ்விடங்களில் பெட்டி கோயமுத்தூர் அல்லது தேனிக் கடையிலிருந்து வருவதுண்டு. வளைகுடா நாட்டில் பணிபுரியும் உறவினர் கொண்டு வருவதும் உண்டு.

பழைய கேசட் பெட்டிகளை இணைப்பது ஒரு வித்தையாகவே இருந்தது. அவை படத்தை வானொலி அலையாக மாற்றி ஆன்டெனாத் துளையின் வழியே தொலைக்காட்சிக்கு அனுப்பின. அந்த அலைக்குரிய சேனலைத் திருகித் திருகித் தேட வேண்டியிருந்தது. மேலும், நம் நாட்டுத் தொலைக்காட்சி வினாடிக்கு 50 துடிப்புகள் கொண்ட ‘பால்’ முறையில் அமைந்தது. ஜப்பானிலோ 60 துடிப்புகள் கொண்ட வேறொரு முறை. அங்கிருந்து நேராகக் கொணர்ந்த பெட்டி இங்கே நிறமற்ற படத்தையோ உருளும் படத்தையோ காட்டிற்று. இன்றைய பெட்டிக்கு இத்தொல்லை இல்லை. ஹெச்.டி.எம்.ஐ. கம்பியைச் செருகி, தொலைக்காட்சியில் அந்தத் துளையின் எண்ணைத் தேர்ந்தெடுத்தால் படம் தோன்றும். தொலைக்காட்சியில் ‘கேம் மோட்’ என்ற அமைப்பு இருப்பின் அதனை இயக்குக. பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் விளைவு தோன்றுவதற்கும் இடையிலுள்ள தாமதம் அதனால் குறையும்.

வளைகுடாப் பெட்டியின் பிளக்கு மூன்று சதுரக் காலுடையது. நமது சுவரிலுள்ள வட்டத் துளைகளில் அது பொருந்தாது. மலிவான அடாப்டரைச் செருகித் தளர்ந்த இணைப்பில் தீப்பொறி பறக்க விடுவானேன்? பிளேஸ்டேஷன் 5 போன்றவற்றின் மின்கம்பி பெட்டியினின்று கழற்றக்கூடியது. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள இந்தியக் கம்பி ஒன்றை மாற்றிக்கொண்டால் போதும். அப்பெட்டி 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்குமாதலால் மின்னழுத்தம் தாழ்வதற்கு அஞ்சித் தனி ஸ்டெபிலைசர் வாங்க வேண்டியதில்லை. விளம்பரங்கள் என்ன சொன்னாலும் இதுவே உண்மை.

அஞ்ச வேண்டியது இடி மின்னலுக்கே. கேரளத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும், மீண்டும் அக்டோபர், நவம்பரிலும் இடிமழை மிகுதி. மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் எச்சரிக்கைகள் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரையுள்ள நேரத்தையே குறிப்பிடுவது வழக்கம். கோடை விடுமுறையில் குழந்தைகள் விளையாட அமரும் வேளையும் அதுவே!

ஒரு மின்னலின் மின்னோட்டம் சுமார் 30,000 ஆம்பியர் இருக்கும். அது வீட்டின் மீது விழ வேண்டும் என்பதில்லை. சற்றுத் தொலைவில் விழுந்தாலும், கம்பங்களின் மீது செல்லும் நீண்ட மின்கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட் அலையொன்று தூண்டப்பட்டு வீட்டினுள் பாயும். கேபிள் டி.வி. கம்பியின் வழியேயும் அவ்வாறே பாயும். இவ்விரு வழிகளும் சந்திக்கும் இடம் தொலைக்காட்சி. ஹெச்.டி.எம்.ஐ. கம்பியோ விளையாட்டுப் பெட்டியை அதனுடன் பிணைத்து வைத்துள்ளது. ஆதலால் பெட்டியின் பிளக்கை மட்டும் கழற்றுவது பயன் தராது. தொலைக்காட்சியின் பிளக்கையும், கேபிள் கம்பியையும், இணையக் கம்பியையும் கழற்ற வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாதா என்பார் உளர். சுவிட்சினுள் உள்ள இடைவெளி சில மில்லிமீட்டரே. காற்றில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்ட ஏறத்தாழ 3,000 வோல்ட் போதும்.

எப்பொழுது கழற்றுவது? மின்னலைக் கண்டது முதல் இடியைக் கேட்கும் வரை வினாடிகளை எண்ணுக. மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் எனக் கொள்ளலாம். முப்பது வினாடிக்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. அதற்கு முன்னரே, வானம் கறுக்கும்போதே, பிளக்குகளைக் கழற்றிவிட வேண்டும். மின்னல் தலைக்கு மேல் வந்த பிறகு கம்பியைத் தொடுவது பொருளைக் காக்க உயிரைப் பணயம் வைப்பதாகும். கம்பி பிணைத்த கைப்பிடியைக் குழந்தை பிடித்திருந்தால் அதுவும் அச்சுற்றின் ஒரு பகுதியே. கம்பியில்லாக் கைப்பிடி இவ்வகையில் மேலானது.

மின்னலைத் தாங்குவதாக விற்கப்படும் ‘சர்ஜ்’ பலகைகள், மிகுதி மின்சாரத்தை நிலத்துக்குத் திருப்புவதையே பெரிதும் நம்பியவை. எர்த் கம்பி செம்மையாக இல்லாத வீட்டில் அவற்றின் பயன் சிறிது. பாறை நிறைந்த மண் மின்சாரத்தை எளிதில் ஏற்பதில்லை. பழைய தோட்ட லயங்களில் எர்த் எங்குள்ளது, உள்ளதா என்பதையே உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு பார்த்தறிதல் நன்று. பெட்டியின் விலையோடு ஒப்பிடின் அச்செலவு அற்பம்.

கடையில் மற்றொரு கேள்வியும் எழும்: டிஸ்க் இடும் வகையா, அஃதின்றி இணையத்தை மட்டுமே நம்பிய மலிவு வகையா? புதிய விளையாட்டு ஒன்று 100 ஜி.பி. அளவு இருத்தலும் உண்டு. வினாடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் அதனை இறக்க இருபத்திரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இடையில் மின்சாரம் நின்றால் இன்னும் நீளும். கேரள அரசின் ‘கே-போன்’ கண்ணாடி இழை வலை 2023 ஜூன் 5-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அத்தகைய இழை இணைப்பு எட்டியுள்ள வீட்டில் மலிவு வகையை வாங்கலாம். கைப்பேசிக் கோபுரத்தின் அலையையே நம்பியிருக்கும் மலைச்சரிவு வீட்டுக்கு டிஸ்க் வகையே ஏற்றது. ஆடி முடித்த டிஸ்க்கை அடுத்த வீட்டாருடன் மாற்றிக்கொள்ளவும் இயலும்.