தீயும் காற்றும்

1997ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள், தில்லி கிரீன் பார்க்கில் உள்ள உப்ஹார் திரையரங்கில் பிற்பகல் காட்சி நடந்துகொண்டிருந்தது. அப்போது தரைத்தள வாகன நிறுத்தத்தில் இருந்த மின்மாற்றி தீப்பற்றியது. தீ கீழே எரிந்தது. புகையோ மேலே எழுந்தது. படிக்கட்டே புகைபோக்கியாக மாற, பால்கனி முழுவதும் புகை சூழ்ந்தது. அங்கிருந்த வெளியேறும் வழிகளுள் ஒன்று கூடுதல் இருக்கைகளால் அடைபட்டிருந்தது. அன்று 59 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மாண்டது தீக்காயத்தால் அன்று, மூச்சுத் திணறலால்.

புகை ஏன் இத்துணைக் கொடியது?

தீ எரிய எரிபொருள், வெப்பம், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் வேண்டும். காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு ஆக்சிஜன் உள்ளது. காற்று நன்கு கிடைத்தால் எரிதல் பெரும்பாலும் முழுமை பெறும். அடைபட்ட அறையிலோ ஆக்சிஜன் விரைவில் குறையும்; எரிதல் அரைகுறையாகும். அப்போது கரித்துகள் செறிந்த புகையும், கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும் பெருகும். இவ்வாயு, குருதியில் உள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலிமையாக இணையும். அதனால் உடல் உறுப்புகளுக்கு ஆக்சிஜன் கிட்டாது. முதலில் தலைசுற்றலும் மயக்கமும், பின்னர் இறப்பும் நேரும்.

‘நெருப்பில்லாமல் புகையாது’ என்பது பழமொழி. ஆனால், புகையாத நெருப்பும் உயிரைப் பறிக்கும். தில்லியில் குளிர் மிகுந்த இரவுகளில் சிலர் அங்கீட்டி எனப்படும் கரியடுப்பை அறைக்குள் வைத்து, கதவையும் சன்னலையும் அடைத்து உறங்குவர். தணலிலிருந்து வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எனவே, உறங்குபவர் விழித்துக்கொள்வதில்லை. உறங்கும் அறையில் அங்கீட்டியை வைத்தல் கூடாது.

அவ்வாறாயின், தீப்பற்றிய அறையின் கதவைத் திறந்துவிடலாமா? கூடாது. காற்றின்றித் தணிந்திருக்கும் தீயைச் சுற்றி, எரியாத சூடான வாயுக்கள் நிறைந்திருக்கும். புதுக்காற்று புகுந்ததும் அவை வெடிப்பதுபோல் பற்றிக்கொள்ளும். ஆகவே, அறையிலிருந்து வெளியேறுபவர் கதவைச் சாத்திவிட்டு வரவேண்டும். சாத்தலாம், ஆனால், உள்ளே எவரேனும் இருக்கையில் தாழிடுதல் கூடாது.

சூடான புகை மேலே தங்கும். தரையை ஒட்டிய காற்று சற்றுத் தெளிவாக இருக்கும். எனவே, குனிந்தோ தவழ்ந்தோ வெளியேறுதல் நன்று. வெளியே வந்தபின் தீயணைப்புத் துறையை 101 என்னும் எண்ணில் அழைத்தல் வேண்டும். எப்பொருளுக்காகவும் மீண்டும் உள்ளே செல்லுதல் கூடாது.

சிந்தித்து விடை எழுதுக:
1. அடைபட்ட அறையில் எரிதல் ஏன் அரைகுறையாகிறது?
2. உம் வீட்டிலிருந்து வெளியேறும் வழிகள் எத்தனை? அவற்றை அடைத்திருக்கும் பொருள்கள் யாவை?