ஒரே மீனை நம்பும் படகும் பல மீன் பிடிக்கும் படகும்

அமெரிக்காவின் மேற்குக் கரையில் தொழில் செய்யும் சிறு படகுகளின் வருமானம், மீன்வளம், சந்தை விலை, அரசு விதிக்கும் தடை ஆகிய மூன்றையும் பொறுத்து ஆண்டுதோறும் ஏறி இறங்குகிறது. சாக்ரமென்டோ ஆற்றுக்குத் திரும்பும் சினூக் சால்மன்கள் வெகுவாகக் குறைந்ததால் 2008, 2009 ஆண்டுகளில் கலிஃபோர்னியாவில் வணிகக் கடல் சால்மன் பிடிப்பு நிறுத்தப்பட்டது. 2023, 2024 ஆண்டுகளிலும் அதே நிலை திரும்பியது. சால்மனை மட்டுமே நம்பிய படகுகள் அந்த ஆண்டுகளில் கரையில் முடங்க, குளிர்காலத்தில் டஞ்சனஸ் நண்டும் கோடையில் அல்பகோர் சூரையும் பிடிக்கும் படகுகளுக்குப் பிழைக்க வழியிருந்தது.

வருமானம் எத்தனை மீன் வகைகளில் பரவியுள்ளது என்பதை ஹெர்ஃபிண்டால் குறியீட்டால் அளக்கின்றனர். ஒவ்வொரு வகையின் பங்கையும் அதே பங்கால் பெருக்கி, கிடைப்பவற்றைக் கூட்டினால் வருவது அது. ஒரே வகையெனில் 1, இரு வகைகள் சரிபாதியெனில் 0.5. ஒன்றையொன்று சாராமல், ஒரே அளவில் ஏறி இறங்கும் இரு வகைகளில் வருமானத்தைச் சரிபாதியாகப் பிரித்தால், மொத்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 29 விழுக்காடு குறையும் என்பது கணிதம். மேற்குக் கரை, அலாஸ்காப் படகுகளை ஆராய்ந்து காஸ்பெர்ஸ்கி, ஹாலண்ட் என்னும் ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வும், பலவகைப் பிடிப்பு வருமான ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் என்றே காட்டியது.

ஆயினும், ஒரே காரணம் எல்லா வகைகளையும் தாக்கும்போது இந்தக் காப்பு தளர்கிறது. 2014 முதல் 2016 வரை நீடித்த கடல் வெப்ப அலையில் பெருகிய பாசி, டோமோயிக் அமிலம் என்னும் நஞ்சை நண்டுகளில் ஏற்றியதால், 2015 நவம்பரில் தொடங்கவேண்டிய கலிஃபோர்னிய நண்டுப் பருவம் 2016 மார்ச் இறுதிவரை தள்ளிப்போனது; அதே ஆண்டுகளின் வறட்சியில் சூடேறிய சாக்ரமென்டோ ஆற்றில் சால்மன் முட்டைகளும் பெருமளவில் அழிந்தன.

வகை மாற்றுவது எளிதுமன்று. உருக்குச் சட்டத்தில் கம்பி பின்னிய வட்ட நண்டுக் கூண்டுகளைத் தளத்திலிருந்து இறக்கி, சால்மனுக்கான தூண்டில் கயிறுகளை இழுத்துச்செல்லும் நீண்ட கழிகளைப் பொருத்துவது உழைப்பால் முடியும். ஆனால் நண்டுக்கும் சால்மனுக்கும் தனித்தனி உரிமம் வேண்டும், எண்ணிக்கை வரம்பிடப்பட்ட அவ்வுரிமங்களைப் பிறரிடமிருந்து விலைக்கு வாங்குவது இளம் மீனவருக்கு எட்டாத செலவு. மிகைப்பிடிப்பைத் தடுக்க அந்த வரம்பு தேவையே. எனினும் ஒவ்வொரு மீனையும் தனித்தே பார்த்து வகுக்கப்படும் விதி, மீனவர் தாமே தேடிக்கொள்ளும் காப்பைப் பறித்துவிடுகிறது. ஆகவே உரிம விதிகளை வகுப்போர், மீனின் இருப்போடு மீனவரின் ஓராண்டு முழு வருமானத்தையும் கணக்கில் கொள்வதே நியாயமாகும்.