மலைநாட்டு எழுத்தும் குரலும்

நூல் எழுதுவது ஒரு பணி. எழுதிய நூலை மக்கள் கையில் சேர்ப்பது மற்றொரு பணி. முன்னதில் வல்லவராய் இருந்தும், பின்னதற்கு வழி காணாது, கையெழுத்துப் பிரதியைப் பெட்டியில் வைத்துப் பூட்டியவர்கள் தமிழுலகிற் பலர். இலங்கையின் மத்திய மலைநாட்டில், நுவரெலியா, அட்டன் ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களிடையே, இத்துன்பம் இன்னும் பெரிதாயிருந்தது. பதிப்பகங்கள் கொழும்பிலும் சென்னையிலும் இருந்தன. நூலுக்கு உரிய மக்களோ லயங்களில் வாழ்ந்தனர். அவர்களுள் மிகப் பலருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கும் வாய்ப்பும் கிட்டியதில்லை. இன்று மின்னூல், ஒலிநூல் என்னும் இரண்டும் தோன்றி, எழுத்தாளர் தாமே பதிப்பாளராகவும் விளங்கலாம் என்ற நிலையை உண்டாக்கியுள்ளன. கருவிகள் புதியவை, ஆயினும் இம்முயற்சி மலைநாட்டுக்குப் புதிதன்று.

தஞ்சை மண்ணிற் பிறந்த கோ. நடேசய்யர் 1920ஆம் ஆண்டையொட்டி இலங்கையிற் குடியேறினார். அந்நாளில் வெளியார் ஒருவர் தோட்டத்தினுள் எளிதில் நுழைதல் இயலாது. புடைவை வணிகரைப் போல உட்சென்று அவர் தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தார் என்று, அவரது வரலாற்றை ஆராய்ந்த சாரல்நாடன் எடுத்துரைக்கின்றார். 1921இல் ‘தேசநேசன்’, 1924இல் ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளை நடேசய்யர் நடத்தினார். 1931இல் அட்டன் நகரைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சங்கம் கண்டார். 1936 முதல் 1947 வரை அட்டன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபையில் அமர்ந்தார். இத்தனை அலுவல்களுக்கு இடையிலும் சிறு நூல்களையும் துண்டுப் பிரசுரங்களையும் எழுதி வெளியிட அவர் தவறவில்லை. யாரேனும் ஒரு பதிப்பாளர் முன்வரட்டும் என்று அவர் காத்திருந்தாரில்லை.

எனினும், அச்சிட்ட தாள் படிக்கத் தெரிந்தவருக்கே பயன்படும். மற்றையோருக்கு யாது வழி? அவ்வழியைத் திறந்தவர் அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள். தோட்டத்துக் கூட்டங்களில் அவர் தம் பாடல்களைத் தாமே பாடினார். 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியத் தொழிலாளர் நீக்கப்பட்டபோது, மக்களிடையே மூண்ட கவலை சிறிதன்று. அதனையொட்டி, 1940இல் அம்மையாரின் பாடல்கள் சிறு பிரசுரமாக வெளிவந்தன. எழுத்தறியாதவர் செவி வழியே கேட்டனர். எழுத்தறிந்தவர் பிரசுரத்தை வாங்கி வந்து பிறருக்குப் படித்துக் காட்டினர். நூலும் குரலும் இணைந்து நடந்த முறை இது. மின்னூலும் ஒலிநூலும் இன்று சேர்ந்து செய்ய வேண்டிய வேலையும் இதுவேயாகும்.

நடேசய்யருக்குப் பின் வந்தவர்களுள் ஸி.வி. வேலுப்பிள்ளை தலைசிறந்தவர். அவர் அரும்பாடுபட்டுத் திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்கள் முழு நூலாக வெளிவந்தது 1987இல். அவர் மறைந்ததோ 1984இல். தம் உழைப்பு நூல் வடிவம் பெற்றதை அவர் காணவில்லை. பின்னர், 1997இல் துரை விஸ்வநாதன் துரைவி பதிப்பகத்தின் வாயிலாக ‘மலையகச் சிறுகதைகள்’ முதலிய தொகுதிகளை வெளியிட்டார். அடுத்த ஆண்டிலேயே அவரும் காலமானார். ஓரிரு புரவலரின் ஆயுளை நம்பி ஓர் இலக்கியம் முழுவதும் நிற்குமாயின், அதன் நிலை எத்துணை மெலிந்தது என்பது சொல்லாமலே விளங்கும்.

இனி, மின்னூல் என்பது யாது எனக் காண்போம். அச்சுப் பக்கத்தை அப்படியே படம்பிடித்தாற்போன்ற கோப்பு ஒருவகை. அது சிறிய கைப்பேசித் திரையிற் படிப்பதற்கு இடர்தரும். திரையின் அளவுக்கேற்ப வரிகள் தாமே மடிந்து, எழுத்தைப் பெரிதாக்கவும் இடந்தரும் ‘ஈபப்’ என்னும் கோப்பு மற்றொரு வகை. பின்னதே வாசகருக்கு உகந்தது. ஆனால் அதற்கு முன் ஒரு வேலை உண்டு. இலங்கை அச்சகங்களில் நெடுங்காலமாக ‘பாமினி’ என்னும் எழுத்துருவே வழக்கிலிருந்தது. அதிற் கோத்த பிரதியை வேறொரு கருவியில் திறந்தால் தமிழ் மறைந்து, பொருளற்ற ஆங்கிலக் குறிகள் தோன்றும். ஆகவே, பிரதியை முதலில் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். மாற்றிய பின் வரிக்கு வரி மெய்ப்புப் பார்க்கவும் வேண்டும். இப்பணியில் சோம்புவோர் தம் நூலைத் தாமே குலைத்துக் கொள்கின்றனர்.

விற்க விரும்புவோர்க்கும் வழங்க விரும்புவோர்க்கும் தனித்தனி வழிகள் உள்ளன. அமேசான் நிறுவனத்தின் கிண்டில் கடையில் 2016 முதல் தமிழ் நூல்கள் இடம்பெறுகின்றன. அங்கு விலையை எழுத்தாளரே குறிக்கலாம்; நிபந்தனைகளுக்கேற்ப விலையில் 35 அல்லது 70 விழுக்காடு அவருக்குரியதாகும். பொருள் கருதாது நூல் நிலைத்திருக்க விரும்புவோர்க்கு, 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் உண்டு. இலங்கைத் தமிழ் நூல்களை எவரும் கட்டணமின்றிப் படிக்க அது வகை செய்கின்றது. சர்வதேச நூலெண் வேண்டுவோர் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையை நாடலாம்.

ஒலிநூலுக்குப் பெரிய நிலையம் தேவையில்லை, அமைதியே தேவை. மலைநாட்டில் அது எளிதன்று. தகரக் கூரையின்மேல் மழை பெய்யும் ஒலி காதுக்கு இனிது, ஒலிப்பதிவுக்கோ பகை. மழையற்ற முன்னிரவில், கதவடைத்து, கம்பளி தொங்கவிட்ட அறையில் ஒருவர் நிதானமாகப் படித்தால், சாதாரணக் கைப்பேசியும் நல்ல பதிவைத் தரும். ‘ஒடாசிற்றி’ என்னும் இலவச மென்பொருளால் பிழைகளை வெட்டிச் செம்மை செய்யலாம். ஒற்றைத் தடத்தில், வினாடிக்கு 64 கிலோபிட் அளவிற் பதிந்தால், ஒரு மணி நேர வாசிப்பு ஏறக்குறைய 29 மெகாபைட்டில் அடங்கும். கைப்பேசி அலை எட்டாத பள்ளத்துத் தோட்டங்களிலும், ஒருவர் நகரிற் பெற்று வந்த கோப்பினை மற்றவர் தம் கருவிக்கு மாற்றிக் கொள்ளலாம். மீனாட்சியம்மாளின் பிரசுரம் கைமாறிச் சென்றதை இது நினைவூட்டுகின்றது.

இங்கு உரிமை பற்றியும் ஒரு சொல். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை நிலைக்கும். 1947இல் மறைந்த நடேசய்யரின் எழுத்துக்கள்மீது அக்காலம் 2017இல் நிறைவுற்றது. ஆகவே அவற்றை இன்று எவரும் மின்னூலாக்கலாம். உரத்துப் படித்து ஒலிநூலாக்கவும் செய்யலாம். வாழும் எழுத்தாளரோ, எந்த ஒப்பந்தத்திற் கையெழுத்திடினும், ஒலி உரிமை யாருக்குச் செல்கின்றது என்பதைப் படித்தறிந்த பின்னரே இடல் வேண்டும்.

காமன் கூத்தின் பாடல்களும், பொன்னர் சங்கர் கதையும், கொழுந்து பறிக்கும் பெண்டிரின் தெம்மாங்கும் முதியோர் நாவில் வாழ்கின்றன. வேலுப்பிள்ளை அவற்றின் சொற்களை ஏட்டில் ஏற்றினார். ஆனால் பண்ணை ஏட்டில் ஏற்றுதல் எவராலும் இயலாது. அதனைக் காக்கும் கருவி இன்று லயத்துக் காம்பராவின் சுவர்மாடத்திலேயே இருக்கின்றது. பாடத் தெரிந்த பாட்டி இருக்கும்போதே, பேரப்பிள்ளை அதனை எடுத்து அவர்முன் வைத்தல் வேண்டும்.